மஞ்சள் ஸ்டிக்கரும் பச்சை ஸ்டிக்கரும்

எங்கள் லேபுக்கு பார்கோடு மெஷின் வந்த வாரத்தில் எனக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பிரிவு உபசாரக் கூட்டத்தில் சால்வை போட்டுவிட்டு, "சார், உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்று லேபுப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். எழுந்தேன், நன்றி என்றேன், உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருட சர்வீஸுக்கு ஒரே சொல். அப்படியானால் ஆஸ்பத்திரி மலருக்காவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். சரி என்றேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை.

முகத்தைப் பார்ப்பது என் தொழிலில் எவ்வளவு பெரிய தொந்தரவாக இருந்தது என்பதுதான் விஷயமே.

நான் படித்தது பத்தாவது. எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போனபோது கிடைத்த வேலை அண்ணனுக்கு என்றானது. அண்ணன் பர்மனெண்ட். நெய்வேலியில் மனிதர்கள் இரண்டே ஜாதி, பர்மனெண்ட், காண்ட்ராக்ட். நான் மூன்றாவது ஜாதி. சுரங்க நகரியத்தின் நுழைவு ஆர்ச்சுக்கு வெளியே கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் லேப் அட்டெண்டர். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் முதல் கேள்வி, "மாப்பிள்ளை எந்த மைன்ஸ்?" ரத்தம் சோதிக்கிற இடம் என்றால், "ஓ, உள்ள போகலையா" என்பார்கள், ஜெயிலைச் சொல்வதுபோல.

முதல் ஐந்து வருடம் பாட்டில் கழுவினேன். பிறகு ரத்தம் எடுக்கக் கற்றேன். பிறகு சென்ட்ரிஃபியூஜ் என்கிற சுழற்றும் மெஷின். அதில் கற்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு குழாயை மட்டும் தனியாகப் போடக் கூடாது. எதிர்க் குழியில் அதே எடைக்குத் தண்ணீர் நிரப்பிய குழாயை வைக்க வேண்டும். மறந்தால் மெஷின் ஆடி ஆடி நடந்து மேஜை விளிம்புக்கு வந்துவிடும். ஒரு தடவை அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான் நின்றதை ஆஸ்பத்திரியே பார்த்தது. பயிற்சிக் காலம் இவ்வளவுதான்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் டாக்டர் சுகந்தி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வெளியூர்க் கல்லூரி ஒன்றோடு சேர்ந்து ஓர் ஆராய்ச்சியையும் கொண்டுவந்தார். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் "சரி" என்பார். பிறகு பென்சில் சீவ ஆரம்பிப்பார். எவ்வளவு நேரம் சீவுகிறார் என்பதை வைத்து நர்சுகள் கோபத்தை அளப்பார்கள். ஆஸ்பத்திரித் தலைவி சிஸ்டர் சுப்பீரியரே அந்தச் சத்தம் கேட்டால் சேப்பலுக்குள் ஜெபிக்கப் போய்விடுவார்.

ஆராய்ச்சியை எனக்கு ஒரு மத்தியானம் விளக்கினார். சில தாய்மார்கள் வயிற்றில் குழந்தை மாதத்துக்குத் தக்கபடி வளராமல் நின்றுபோகிறது. நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாததால் பல சமயம் இப்படி ஆகும். நஞ்சுக்கொடி தாயின் ரத்தத்தில் சில பொருட்களைக் கலக்கிறது. அந்த அளவு கூடுவதையும் குறைவதையும் பார்த்து ஆபத்தை முன்கூட்டியே பிடிக்க முடியுமா? அப்புறம், வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து அந்த அளவு மாறுகிறதா?

"பொண்ணுன்னா கிடைக்கிறதுக்குத் தகுந்த மாதிரி தன்னைக் குறைச்சுக்கிட்டு வளருதுன்னு ஒரு கருத்து இருக்கு" என்றார். "பையன் குறைச்சுக்காம வளர்ந்துக்கிட்டே போவானாம். பிரச்சினை வந்தா தாங்க மாட்டானாம். நிஜமா இல்லையான்னு தெரியாது. அதைத்தான் பார்க்கிறோம்."

எங்கள் தெருவில் அது நிஜம்தான் என்று எனக்குத் தோன்றியது.

வேலை இப்படி: தாயிடம் ஐந்து மில்லி எடுக்க வேண்டும். அரைமணி நேரம் அசைக்காமல் நிறுத்தி உறையவிட வேண்டும். பத்து நிமிடம் சுழற்ற வேண்டும். மேலே தெளிந்து நிற்கும் வைக்கோல் நிற நீரை, கீழே உள்ள சிவப்பைத் தொடாமல் உறிஞ்சி மூன்று குட்டிக் குப்பிகளில் விட வேண்டும். பென்சிலால் எண் எழுத வேண்டும், பேனா என்றால் குளிரில் அழிந்துவிடும். உறைபெட்டியில் வைக்க வேண்டும். மாதம் ஒரு முறை ஐஸ் பெட்டியில் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். சோதனை அங்கேதான் நடக்கும். எங்கள் லேபில் அந்தக் குப்பியை எப்படி ஆட்டினாலும் குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்லாது. ஒவ்வொரு தாய்க்கும் கொடுத்த அட்டையில் 'குழந்தையின் பாலினம்' என்று ஒரு கட்டம் இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு நர்ஸ் நிரப்ப வேண்டியது.

அந்தக் காலிக் கட்டம்தான் எங்களைக் கெடுத்தது.

"கட்டம் இருக்குதில்ல? அப்ப ரத்தத்துல தெரியும்னுதானே அர்த்தம்?" என்றார் வாட்ச்மேன் கோதண்டம். சுரங்கத்தில் ரிட்டையர் ஆகி எங்கள் கேட்டில் உட்கார்ந்திருந்தவர். வாசலிலேயே பெரிய போர்டு இருந்தது: கருவில் இருக்கும் குழந்தையின் பாலினத்தைக் கேட்பதும் சொல்வதும் சட்டப்படி குற்றம். கோதண்டத்தின் நாற்காலி அதன் நிழலில்தான்.

சட்டத்தை மதிக்கிற ஊர் என்பதால் யாரும் நேரடியாகக் கேட்கவில்லை. "சார், ஃபர்ஸ்ட் ஷிப்டா செகண்ட் ஷிப்டா?" என்றார்கள். "எங்களுது பர்மனெண்ட்தானே?" என்றார் ஒரு மாமனார். ஒருவர் பலாப்பழத்தோடு வந்து லேப் வாசலில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் என் முகத்தையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சத்தில் காது சிவந்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். என் காது அவருக்கு என்ன சொன்னது என்று இன்றுவரை தெரியாது. பழம் நல்ல பழம்.

ரத்தம் எடுக்கும்போது நான் பெண்களின் முகத்தைப் பார்க்க மாட்டேன். கையையும் குழாயையும் மட்டுமே பார்ப்பேன். "பொண்ணாயிருந்தா அந்தாளு தலையக் குனிஞ்சுக்குவாரு" என்று ஒரு பேச்சு. அந்தக் கணக்குப்படி நெய்வேலியில் மூன்று வருடம் ஆண் குழந்தையே பிறந்திருக்கக் கூடாது.

பிறகு ஸ்டிக்கர் வந்தது. ஆராய்ச்சிக்கு இரண்டு கூட்டம் தேவை. வளர்ச்சி குறைந்த குழந்தைகளின் தாய்மார்கள் ஒரு கூட்டம். ஒப்பிட்டுப் பார்க்க, நன்றாக வளரும் குழந்தைகளின் தாய்மார்கள் இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்துக்கு அட்டையில் மஞ்சள் வட்டம், இரண்டாவதற்குப் பச்சை வட்டம் ஒட்டச் சொன்னார் டாக்டர். மஞ்சள் ஒட்டியவர்கள் வாரம் ஒரு முறை கட்டாயம் வர வேண்டும்.

முதலில் பிரசவமான மூன்று மஞ்சள்காரிகளுக்கும் பெண் பிறந்தது. போதாதா? கோதண்டம் கேட்டிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார். மஞ்சள் என்றால் பெண். பச்சை என்றால் பையன். நாலாவது மஞ்சளுக்குப் பையன் பிறந்தபோது, "அது ஒட்டுறவன் தப்பா ஒட்டிட்டான்" என்று என்மேல் போட்டார்.

ஒரு மாமியார் மஞ்சளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், அடியில் பச்சை இருக்குமோ என்று. குள்ளஞ்சாவடியில் ஸ்டேஷனரிக் கடையிலேயே பச்சை வட்டம் வாங்கி ஒட்டிக்கொண்டு வந்தார் ஒரு கணவர். லேபில் இருந்த பச்சை ரோல் இரண்டு முறை காணாமல் போனது. டாக்டர் "சரி" என்றார். ஒரு முழு பென்சிலைச் சீவினார். பிறகு, "ரோலை இனி உங்க சட்டைப் பையிலேயே வச்சுக்குங்க அருள்" என்றார். வாசலில் இரண்டாவது போர்டும் வைத்தார்: மஞ்சள் என்றால் குழந்தை சிறியது, அதிகக் கவனம் தேவை, பாலினத்துக்கும் நிறத்துக்கும் தொடர்பில்லை.

"ஒண்ணும் இல்லைன்னா எதுக்குய்யா ரெண்டு போர்டு?" என்றார் கோதண்டம்.

சிரிப்பாகத்தான் இருந்தது, மஞ்சள்காரிகள் வராமல் போகும்வரை. பச்சைக்காரிகள் தேதி தவறாமல், ஹார்லிக்ஸ் பாட்டிலும் மாமியாரும் புடைசூழ வந்தார்கள். அவர்கள் வராவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அவசியம் வரவேண்டியவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். யாருக்கு ஆபத்து என்று கண்டுபிடித்து, அவர்களைக் குறிபார்த்து வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டை நாங்கள் விஞ்ஞான முறைப்படி செய்து வைத்திருந்தோம்.

அப்படி நின்றுபோனவர்களில் ஒருவர் செல்வி. கம்மாபுரம் பக்கம். கணவர் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் லேபர். முதல் குழந்தை பெண். இது இரண்டாவது, எட்டாவது மாதம். ஸ்கேனில் கொடியில் ரத்த ஓட்டம் குறைந்திருந்தது. திங்கட்கிழமை வந்து அட்மிட் ஆகச் சொல்லியிருந்தார் டாக்டர். திங்கள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அவர்கள் கொடுத்திருந்த பக்கத்து டெலிபோன் பூத்துக்கு அடித்தால், சொல்கிறோம் என்றார்கள்.

புதன்கிழமை காலை டாக்டர் லேபுக்கு வந்தார். கையில் பென்சில் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எனக்கு ரெண்டு ஆபரேஷன் இருக்கு. அந்தப் பக்கம் உங்க ஊர்தானே. நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க. இன்னும் ரெண்டு மூணு நாள் போனா அந்தக் குழந்தை உள்ளேயே செத்துடும்."

"நானா டாக்டர்? எனக்குப் பேச..."

"தெரியும்." ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கொடுத்தார். "இதைப் படிச்சாப் போதும்."

டிவிஎஸ் ஃபிஃப்டியில் போனேன். வழி நெடுக மூன்று வரியையும் மனப்பாடம் செய்தேன். வீட்டைக் கண்டுபிடித்தபோது செல்வியின் மாமியார் அஞ்சலை வாசலில் முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். செல்வி கதவோரம் உட்கார்ந்திருந்தார். கணவர் ஷிப்டுக்குப் போயிருந்தார்.

நான் தாளைப் பிரித்துப் படித்தேன். "குழந்தை சிறியதாக இருக்கிறது. ரத்த ஓட்டம் குறைகிறது. இன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்."

அஞ்சலை கொட்டையைக் கிளறுவதை நிறுத்தவில்லை. "இன்னா தம்பி, பள்ளிக்கூடத்துப் புள்ளையாட்டம் ஒப்பிக்கிற. மஞ்சாதானே ஒட்டுனீங்க?"

"ஆமாங்க. ஆனா மஞ்சள்னா..."

"தெரியும் தெரியும். ஊருக்கே தெரியும். ஏற்கெனவே வூட்டுல ஒண்ணு ஓடிக்கினு கெடக்குது. இன்னொண்ணு வர்றதுக்கு நான் வேலைய உட்டுட்டு ஆஸ்பத்திரி வாசல்ல படுக்கணுமா? நேரம் வந்தா தானா பொறக்கும். நீ மோர் குடிச்சிட்டுக் கெளம்பு."

"குழந்தை செத்துடுங்க" என்றேன். அது தாளில் இல்லாத வரி.

அந்தம்மாவின் கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி கிளறியது. "அது தலையெழுத்து அப்படின்னா நாம இன்னா பண்றது?"

நான் நின்றேன். எனக்குத் தெரிந்த எல்லாச் சொல்லும் தீர்ந்துவிட்டது. வேறு யாராவது என்றால் வாதாடியிருப்பார்கள், மிரட்டியிருப்பார்கள், போலீஸ் என்றாவது சொல்லியிருப்பார்கள். என் காது சூடாகிக்கொண்டே போனது. செல்வியைப் பார்த்து, "அட்டைய குடும்மா" என்றேன். உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து ரோலை எடுத்தேன். ஒரு பச்சையைக் கிழித்து, மஞ்சளின் மேல் ஒட்டினேன். அட்டையைத் திருப்பி அஞ்சலையிடம் நீட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தம்மா பச்சையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் தலையைக் குனியவில்லை.

"அடப்பாவி! தப்பா ஒட்டிட்டுத்தான் இவ்ளோ தூரம் ஓடியாந்தியா? இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" எழுந்தார். முந்திரிக்கொட்டையை அப்படியே விட்டார். "ஏய் செல்வி, பொடவய மாத்து! வேணாம், அப்பிடியே வா! எவனாவது ஆட்டோவக் கூப்புடுங்கடா!"

ஐந்தே நிமிடத்தில் ஆட்டோ வந்தது. எட்டு மாதமாகத் தானே எழுந்து தண்ணீர் மொண்டு குடித்தவரை நாலு பேர் தாங்கிப் பிடித்து ஏற்றினார்கள். நான் பக்கத்தில் நின்று அட்டையைக் கொடுத்தபோது செல்வி மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, ஓரத்துல மஞ்சா தெரியுதுண்ணே. நல்லா அழுத்திடுங்க."

அழுத்தினேன்.

குழந்தையின் நுரையீரல் முதிர ஊசி போட்டு, வெள்ளிக்கிழமை சிசேரியன் செய்தார்கள். ஆயிரத்து நானூறு கிராம். உயிரோடு. அழுதது. பெண்.

அன்று மத்தியானம் நானே டாக்டர் அறைக்குப் போனேன். அட்டையை மேஜையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, எனக்கு ஒரு ஷிப்ட் போல இருந்தது. அவர் பென்சிலை எடுக்கவில்லை.

"பையன்னு சொன்னீங்களா?"

"சொல்லலை டாக்டர். ஒட்டினேன்."

"வித்தியாசம்?"

அட்டையின் ஓரத்தில் தெரிந்த மஞ்சளை மறுபடி அழுத்தினேன்.

"உயிரோட வெளியே கொண்டு வந்துட்டீங்க" என்றார். "பையன்னு நம்பி வந்த வீட்டுக்கு அந்தப் பொண்ணை இனி எப்படி அனுப்புறது? அதை யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு அன்று இரவு வரைக்கும் அதைத் தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை.

ஆராய்ச்சி விதிமீறல் பதிவேடு என்று ஒன்று இருந்தது. அதில் என்னையே எழுத வைத்தார். 'நான் அட்டையின் நிறத்தை மாற்றினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் கீழே, 'இந்த நிறங்களைத் தேர்ந்தெடுத்தது நான்' என்று எழுதி அவரும் கையெழுத்துப் போட்டார். விதிப்படி செல்வியின் மூன்று குப்பிகளும் உறைபெட்டியிலிருந்து எடுக்கப்பட்டன. ஆராய்ச்சி முடிந்து அறிக்கை வந்தபோது நான் பட்டியலைப் பார்த்தேன், செல்வியின் எண் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சியால் நிச்சயமாக உயிர் பிழைத்த ஒரே குழந்தை, விஞ்ஞானத்தைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை.

திங்கட்கிழமையிலிருந்து ஸ்டிக்கர் எல்லாம் வெள்ளை. எது எந்தக் கூட்டம் என்பது டாக்டரின் நோட்டில் மட்டும். எல்லோரும் வாரா வாரம் வர வேண்டும் என்று உத்தரவு. வெள்ளை என்றால் இரட்டைக் குழந்தை என்று கோதண்டம் சொன்னதாகக் கேள்வி.

அஞ்சலையம்மாவை மறக்கவில்லை. மறக்க அவர் விட்டால்தானே.

பெண் என்று தெரிந்ததும் நேராக லேபுக்கு வந்தார். "டேய்! பச்சை ஒட்டுனியேடா! ஒட்டுனியா இல்லையா?" ஆஸ்பத்திரி மொத்தமும் கூடிவிட்டது. "ஒன் மூஞ்சிய நம்பி வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்! எங்க கொட்டையெல்லாம் மழையில நனைஞ்சி வீணாப் போச்சு!" நான் சென்ட்ரிஃபியூஜைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அது ஓடாமல் இருந்தபோதும். புடவையைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். மகன் தன் பெண்டாட்டியைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்.

கேட்டில் டாக்டர் மறித்தார். செல்விக்கு ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல், எழுந்து உட்கார முடியாது. குழந்தையை இன்னும் பல நாள் யாராவது ஒருவர் நெஞ்சோடு, தோலில் தோல் படும்படி கட்டி வைத்திருக்க வேண்டும். எங்களிடம் இருந்த ஒரே சூட்டுப் பெட்டியில் வேறு குழந்தை.

"நான் எதுக்கு? யாருக்கு வேணுமோ அவங்க கட்டிக்கட்டும்."

"சரி" என்றார் டாக்டர். பையிலிருந்து பென்சிலையும் பிளேடையும் எடுத்தார். அங்கேயே, வெயிலில், கேட் நடுவில் நின்று சீவ ஆரம்பித்தார். சீவல் அஞ்சலையின் காலடியில் விழுந்துகொண்டே இருந்தது. பென்சில் பாதியாகிவிட்டது. கோதண்டம்கூட எழுந்து நின்றுவிட்டார்.

"ஒரு நாளுதான்" என்றார் அஞ்சலை. "அவ காய்ச்சல் எறங்குற வரைக்கும்."

செல்வியின் காய்ச்சல் நாலாம் நாள் இறங்கியது. அதற்குப் பிறகும் குழந்தை அஞ்சலையிடம்தான் இருந்தது. தாயிடம் பால் குடிக்கக் கொடுப்பார், உடனே வாங்கிக்கொள்வார். "அவளுக்குக் கட்டத் தெரியல, நழுவ உடுறா" என்பார். தினமும் காலையில் எடை பார்க்க லேப் பக்கம் வருவார். துல்லியமான தராசு எங்களிடம்தான் இருந்தது. தினமும் என்னைத் திட்டுவார். புதிது புதிதாக. நான் எண்ணைச் சொல்வேன். ஆயிரத்து நானூற்று இருபது. நாற்பது. ஒரு நாள் பத்து கிராம் இறங்கியது. அன்று திட்டவில்லை, தராசு சரியில்லை என்று சண்டை போட்டு மூன்று முறை வைக்கச் சொன்னார்.

டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்நாள் வந்தார். ஆயிரத்து எண்ணூற்றைத் தாண்டியிருந்தது. எடை பார்த்து, மறுபடி நெஞ்சுக்குள் வைத்து, முந்தானையை இழுத்துக் கட்டிக்கொண்டு, போகாமல் நின்றார். அடுத்த பிள்ளைக்கு வரும்போது உண்மையைச் சொல்வாயா என்று கேட்டார். தெரியாதுங்க என்றேன். புளுகுப் பயலே என்றார், குடும்பத்தைக் கெடுக்க வந்தவனே என்றார், நீ உருப்படமாட்டாய் என்றார். வெகுநேரம் திட்டினார். நான் குனிந்து அவர் பக்கம் காதைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பாதி வார்த்தை சரியாகக் கேட்கவில்லை.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா" என்றேன்.

"அறிவு கெட்டவனே" என்றார், இன்னும் தாழ்ந்த குரலில். "தூங்குது, தெரியல?"